காலையில் போய் இரவில் திரும்புகிறவர்கள் நாய் வளர்க்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை 6.30, சில நாள் 7 ஆகிவிடும். இரண்டு மாதக் குட்டி ஒன்று வாங்க ஆசை. அவ்வளவு நேரம் தனியாக விடுவது பாவம் என்கிறார் அம்மா. வாங்கலாமா?

பதில்: நாய் வளர்க்கலாம். இரண்டு மாதக் குட்டி மட்டும் வேண்டாம். இந்த விஷயத்தில் நான் உங்கள் அம்மா பக்கம்.

குட்டி எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஒரு மாத வயதுக்கு ஒரு மணி நேரம். அப்படியென்றால் நீங்கள் வாங்கப்போகும் குட்டி இரண்டு மணி நேரம் தாங்கினாலே அதிகம், நீங்களோ பத்தரை மணி நேரம் வெளியே இருக்கிறீர்கள், அதற்குள் அது படுக்கிற இடத்திலேயே போய், அதையே மிதித்து, கடைசியில் அந்த நாற்றத்துக்கே பழகிவிடும். அப்படிப் பழகிய நாயை மாற்றுவது பெரும்பாடு. அதைவிட முக்கியமான ஒன்று: பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம். புது மனிதர்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம், குக்கர் விசில் எல்லாம் அப்போதே அறிமுகமாக வேண்டும். அந்த வாரங்களைப் பூட்டிய வீட்டில் கழித்த குட்டி, வளர்ந்த பிறகு காலிங் பெல் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

அதனால் இரண்டு மூன்று வயது தாண்டிய, சாதுவான நாயாகப் பாருங்கள். தத்துக் கொடுப்பவர்களிடம் உங்கள் வேலை நேரத்தை மறைக்காமல் சொல்லி, இந்த நாய் தனியாக இருந்து பழகியதா என்று கேளுங்கள். பார்டர் கோலி, ஹஸ்கி மாதிரி ஓடி உழைப்பதற்கென்றே உருவான இனங்கள் உங்கள் வீட்டுக்குச் சரிவராது.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும், ஆனால் பத்தரை மணி நேரம் அதற்கும் அதிகம்தான். ஆறு, மிஞ்சிப்போனால் எட்டு மணி நேரத்துக்குள் அது வெளியே போய் வந்தாக வேண்டும். ஆகவே நாயைத் தேடும் முன் மதியம் உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கப்போகும் ஆளைத் தேடுங்கள். உறவினரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, சம்பளத்துக்கு வருபவரோ, யாராக இருந்தாலும் சரி, அரை மணி நேரம் நடத்திக் கூட்டிவந்து தண்ணீர் மாற்றி வைத்தால் போதும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா, நாய் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலை நடையில் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள், மோந்து பார்க்க விடுங்கள், மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் நன்றாகவே களைக்கும். கிளம்பும்போது ஒரு பழைய துண்டை விரித்து, அதன் உலர் உணவில் ஒரு கைப்பிடியைத் தூவி, சுருட்டி வையுங்கள். முதலில் மோந்து பார்க்கும், பிறகு காலால் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித் திறக்கும். நீங்கள் போனதை அது பெரிதாகக் கவனிக்காது. துண்டையே கடித்து விழுங்குகிற நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

முதல் சில நாட்கள் கேமரா வைத்துப் பாருங்கள். மதியம் எழுந்து செருப்பைக் கடித்தால் பெரும்பாலும் அது சலிப்பு. நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள்ளேயே ஊளையிடுவது, எச்சில் ஒழுகுவது, கதவின் அடிப்பக்கம் மரம் பெயரும்படி பிறாண்டுவது, இதெல்லாம் பிரிவுப் பதற்றம். நகம் பிய்ந்து ரத்தம் வர வர என்னிடம் கொண்டுவரப்பட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன், மனசே ஆறாது. இதற்குத் துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது அநேகமாக உதவாது, அது தேடுவது உங்களை. கால்நடை மருத்துவரிடம் போங்கள், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

திரும்பி வந்ததும் திட்டாதீர்கள். மதியம் செய்ததையும் மாலை விழும் திட்டையும் நாயால் இணைக்க முடியாது. குற்ற உணர்ச்சியோடு பார்ப்பதாக நாம் நினைக்கும் அந்த முகத்தை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதித்துப் பார்த்தார். தப்பு செய்த நாய், செய்யாத நாய் என்ற வித்தியாசமே அதில் இல்லை, உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வருகிறது, அவ்வளவுதான்.

சரி, மதிய ஆள் கிடைத்துவிட்டாரா? நாய் வரும் நாளிலிருந்து முடிந்தால் இரண்டு வாரம் லீவு போடுங்கள். சாவியை எடுத்தாலே நீங்கள் போய்விடுவீர்கள் என்று நாய் பதறாமல் இருக்க, சாவியை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் உட்காருங்கள். அப்புறம் கதவுக்கு வெளியே பத்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள், பதறினால் ஒரு படி பின்னால் வாருங்கள். மதியம் வரப்போகிறவரையும் அந்த நாட்களிலேயே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, நாயோடு நடக்கச் சொல்லுங்கள்.