பின்சீட்டில் யார் ஏறலாம்? பனிக்கால வண்டிகள் பற்றிய கேள்வி பதில்

பனியில் ஓடும் வண்டிகளைப் பழுது பார்ப்பதும் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். இன்று ஆளேற்றுவது பற்றி மட்டும் கேளுங்கள். எந்த வண்டி வாங்கலாம் என்பதற்கு இங்கே பதில் வராது.

ஏடிவியின் (கரடுமுரடான தரையில் ஓடும், பருத்த சக்கரங்களும் ஹேண்டில்பாரும் உள்ள வண்டி) சீட் இரண்டு பேர் உட்காரும் நீளத்தில் இருக்கிறது. ஆனால் ஆளேற்றக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் சார்?

எல்லோரையும் ஏமாற்றுவது அந்த நீளம்தான். அது இரண்டாவது ஆளுக்கான இடமில்லை, ஓட்டுபவர் நகர்வதற்கான இடம். மேடு ஏறும்போது முன்னால் வரவேண்டும், இறங்கும்போது பின்னால் போகவேண்டும், வளைவில் உள்பக்கம் சாயவேண்டும். ஏடிவியில் பாதி ஸ்டியரிங் உங்கள் இடுப்புதான். பின்னால் ஒருவரை உட்காரவைத்தால் நீங்கள் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அவருடைய எடை பின் அச்சின் மேல் விழும், முன்சக்கரம் லேசாகும். பனியில் ஏற்கெனவே பிடிப்புக் குறைவு. ஹேண்டில்பாரைத் திருப்புவீர்கள், வண்டி நேரே போகும். ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கினால் வண்டி பின்னால் புரண்டு இருவர் மேலும் விழும், அடியில் சிக்குவது பின்னால் இருப்பவர்.

இருவருக்கென்றே செய்த ஏடிவிகளும் உண்டு. அவற்றில் சக்கரங்களுக்கு இடையே நீளம் அதிகம். முதுகுச் சாய்மானம், கைப்பிடி, தனிக் கால்மிதி எல்லாம் இருக்கும். அவற்றிலும் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றக் கூடாது என்று வண்டியிலேயே எழுதியிருக்கும். பல இடங்களில் சட்டமும் இதையேதான் சொல்கிறது: தயாரித்தவர் எத்தனை பேருக்கு என்று செய்தாரோ அத்தனை பேர். முதலில் ஸ்டிக்கர், அடுத்து கையேடு, அப்புறம் நீங்கள் ஓட்டும் இடத்தின் விதி. மூன்றில் எது கண்டிப்பானதோ அதைப் பின்பற்றுங்கள்.

அண்ணா, மகனுக்கு 5 வயது. ஸ்னோமொபைலில் (முன்னால் சறுக்குக் கட்டையும் அடியில் சுழலும் பட்டையும் உள்ள பனி வண்டி) எனக்கு முன்னால், என் இரண்டு கைக்கும் நடுவில் உட்காரவைத்து மெதுவாகத்தான் போவேன். பின்னால் வைப்பதைவிட அது பாதுகாப்புத்தானே?

இல்லை. முன்னால் வைப்பதுதான் மோசம். திடீரென்று எதிலாவது மோதினால் உங்கள் முழு எடையும் பிள்ளையை ஹேண்டில்பாரில் வைத்து நசுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்னோமொபைலில் ஆக்ஸிலரேட்டர், வலது கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோல். பயந்த குழந்தை கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடிக்கும். என்னிடம் பயில வந்த ஒருவர், நிறுத்திய வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தையை முன்னால் உட்காரவைத்துப் போட்டோவுக்குத் தயாரானார். பிள்ளை அந்த நெம்புகோலைப் பிடித்தான். வண்டி எட்டடி பாய்ந்து பனிக்குவியலில் குத்தி நின்றது. குவியல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இருவர் சீட் உள்ள ஸ்னோமொபைலில், பின்னால், பாதம் இரண்டும் கால்மிதியில் முழுதாகப் பதிந்து, கைப்பிடியையும் எட்டிப் பிடிக்க முடிந்தால்தான் ஏற்றலாம். 5 வயதுக்கு எட்டாது. இன்னும் சில வருடம் பொறுங்கள்.

தாத்தா காலத்து மூன்று சக்கர ஏடிவி ஒன்று ஷெட்டில் கிடக்கிறது. அதில் இரண்டு பேர்?

அமெரிக்காவில் 1988-இலேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு புரண்டது. நீங்கள் தனியாகக்கூட ஏறாதீர்கள்.

சறுக்குப் பலகையைக் கயிற்றில் கட்டிப் பிள்ளைகளை இழுக்கலாமா?

கயிறு இழுக்கும், நிறுத்தாது. நீங்கள் பிரேக் பிடித்த மறுநொடி பலகை வந்து வண்டியின் பின்புறத்தில் இடிக்கும். ஸ்னோமொபைல் என்றால் அங்கே டிராக், அதாவது வண்டியைத் தள்ளும் சுழல் பட்டை, இருக்கிறது. ஆளை இழுப்பதற்கென்றே செய்த சறுக்கு வண்டியை விறைப்பான இரும்புத் தண்டால் இணைத்தால்தான் பேச்சு. அதிலும் நடக்கிற வேகம், எல்லோருக்கும் ஹெல்மெட், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வர ஒரு பெரியவர். மூடிய கூண்டு வைத்த சறுக்கு வண்டியில் புகை உள்ளே தேங்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. குழந்தை தூங்கிவிட்டது என்று நினைப்பீர்கள்.

அப்புறம், மஃப்ளர். கழுத்தில் தொங்கும் எந்தத் துணியும் வேண்டாம், டிராக்கிலோ சக்கரத்திலோ சுற்றினால் கழுத்தைத்தான் இழுக்கும். நீளமான கூந்தலும் ஜாக்கெட்டுக்குள் போகவேண்டும்.

கொஞ்ச தூரம்தான் சார், எங்கள் சொந்த நிலத்துக்குள்தான். ஒருவருக்கான ஏடிவியில் இன்னொருவரை…

முதல் பதிலைப் பாருங்கள். பனிக்கு எல்லைக்கல் தெரியாது.

பின்னால் உட்காரும் என் மனைவிக்கு மட்டும் எப்போதும் குளிர் தாங்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஏன்?

நல்ல கேள்வி. நீங்கள் உடம்பை அசைத்து ஓட்டுகிறீர்கள், ஹேண்டில்பாரின் சூடு உங்கள் உள்ளங்கைக்கு வருகிறது, முன்கண்ணாடி உங்களை மறைக்கிறது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காற்று இல்லாத நாளிலும் வண்டியின் வேகமே காற்று. வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், 40 கி.மீ. வேகத்தில் தோலுக்கு அது மைனஸ் 21 மாதிரி. மைனஸ் 20 என்றால் மைனஸ் 34. அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட் காலருக்கும் நடுவே விரல் அகலம் இடைவெளி விட்டிருப்பார், அதைத் தேடுங்கள். உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையில் நனைந்தால் காயாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி நடக்கவையுங்கள். “நல்லாத்தான் இருக்கேன்” என்பதை நம்பாதீர்கள், பேச்சு குழறுகிறதா என்று கேளுங்கள்.

சைடு-பை-சைடு வண்டியில் (பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், இரும்புக் கூண்டு வைத்த வண்டி) உறைந்த ஏரியைக் கடக்கும்போது சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்களே, சரியா?

தரையில் பெல்ட் கட்டாயம். வண்டி கவிழ்ந்தால் இரும்புக் கூண்டு காப்பாற்றும், நீங்கள் கூண்டுக்குள் இருந்தால்தான். சாயும்போது கை தானாக வெளியே ஊன்றப் போகும். கைப்பிடியை விடாதே என்று பக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பனிக்கட்டி மேல் கதை வேறு. பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, மெதுவாக. கூட வந்தவர் இறங்கித் தள்ளி நடந்து வருவது இன்னும் நல்லது. தெளிந்த, கெட்டியான புதுக்கட்டி என்றால் தடிமன் நடக்க 10 செ.மீ., ஸ்னோமொபைலுக்கோ ஏடிவிக்கோ 13 முதல் 18, சைடு-பை-சைடுக்கு 18 முதல் 20. வெள்ளையாக இருந்தால் பலம் பாதிதான், தடிமன் இரட்டிப்பாக வேண்டும். ஓரிடத்தில் துளைத்துப் பார்த்துவிட்டு ஏரி முழுக்க அப்படித்தான் என்று நம்பாதீர்கள். ஓடை வந்து சேரும் இடத்தில் எப்போதும் மெலிசு.

இப்போதுதான் பெல்ட் கட்டாயம் என்றீர்கள். பனிக்கட்டியில்தான் வண்டி அதிகம் சுழலும். கழற்றச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

நடக்கிற வேகத்தில் சுழன்றால் ஒன்றும் ஆகாது. மூழ்கினால்தான் ஆபத்து. வேகமாகப் போனால் அடியில் உள்ள தண்ணீரில் அலை எழும்பிக் கட்டியையே உடைக்கும், கரையோரம் குறிப்பாக. ஆகவே வேகம்தான் முதல் தப்பு.

நான் 12 வருடமாகப் பெல்ட்டோடுதான் ஏரியில் ஓட்டுகிறேன். விழுந்தால் கழற்ற இரண்டு நொடி.

இன்றைக்கே ஷெட்டில் செய்து பாருங்கள். கனமான கையுறையோடு கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றுங்கள், இன்னொருவர் நேரம் பார்க்கட்டும். பிறகு அது குளிர்ந்த தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1-10-1 என்பார்கள்: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில்தான் நீங்கள் பெல்ட் பட்டனைத் தேடப் போகிறீர்கள்.

நானும் இதைக் கேட்கிறேன்: அளந்து, அடையாளம் நட்ட பாதையில், 40 செ.மீ. கட்டியில் 50 கி.மீ. வேகத்தில் போனால்?

அந்தப் பாதையில் நானும் பெல்ட் போடுவேன். அங்கே கவிழ்வதும் மோதுவதும்தான் பெரிய ஆபத்து. முன்னால் கேட்டவர் சொன்னது இந்த இடத்துக்கு மட்டும் சரி, ஒப்புக்கொள்கிறேன். அளக்காத ஏரிக்குப் பெல்ட் விவாதமே வேண்டாம், போகாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், ஸ்னோமொபைலில் பின்னால் உட்காரலாமா?

நான் மெக்கானிக். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் அம்மா.

என் தங்கை மிகவும் ஒல்லி. ஏடிவியில் பின்னால்…

ஒல்லியாக இருந்தாலும் ஓட்டுபவர் நகரும் இடத்தை அடைப்பார். முதல் பதிலைப் பாருங்கள்.

முதல் தடவை பின்னால் ஏறப்போகிறேன். நான் என்ன செய்யவேண்டும்?

கடைசியில் ஒருவராவது பின்சீட்டிலிருந்து கேட்டீர்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டுபவரோடு சாயுங்கள், முந்திக்கொண்டு சாயாதீர்கள். அவர் தோளுக்கு மேலாக முன்னால் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்கள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் முட்டும். வண்டி பனியில் புதைந்தால் இறங்கிப் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். டிராக்குக்குப் பின்னால் நின்று தள்ளவே வேண்டாம், கல்லும் கட்டியும் முகத்துக்கு வரும். ஏறும் முன்பு சைகை பேசிக்கொள்ளுங்கள்: தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டுக்கு அவர் நிறுத்தவில்லை என்றால் அடுத்த தடவை அவரோடு ஏறாதீர்கள்.