அஞ்சாதவன் உடைவானா?

கேள்வி: 1994-இல் வெளியான ‘எமரால்டு ட்வைலைட்’ காமிக்ஸ் கதையில், சக்தி மோதிரம் அணிந்த விண்வெளிக் காவல்படையான கிரீன் லேண்டர்ன் படையின் வீரன் ஹால் ஜோர்டான் மனம் பேதலித்து, சக வீரர்களையே தாக்கிக் கொலை செய்யும் அளவுக்குப் போவதை என்னால் நம்ப முடியவில்லை. அச்சமற்றவன் என்பதற்காகவே மோதிரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் இப்படிச் சிதைவானா? பாராலாக்ஸ் என்னும் ஒட்டுண்ணியே காரணம் என்று பின்னாளில் வந்த விளக்கம் அந்தப் பிழையைத் திருத்திவிட்டது என்றே கருதுகிறேன். சரிதானே?

பதில்: கதையில் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், குறை நீங்கள் சுட்டும் இடத்தில் இல்லை. அது திருத்தப்படவும் இல்லை.

அச்சமின்மை வேறு, இழப்பைத் தாங்கும் திறன் வேறு. ஹால் பிறந்து வளர்ந்த கோஸ்ட் சிட்டி, ஏறத்தாழ 70 லட்சம் மக்களோடு, அவன் பூமியில் இல்லாத நேரத்தில் அழிக்கப்படுகிறது. எதிர்த்து நின்று தோற்றிருந்தால்கூட, முடிந்ததைச் செய்தோம் என்ற ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். அந்த வாய்ப்பும் அவனுக்குக் கிட்டவில்லை. எதற்கும் அஞ்சாமல் எதிரே போய் நிற்பதையே வாழ்நாள் முழுவதும் செய்தவனுக்கு, எதிரே நிற்க எதுவுமே இல்லாத நிலைமைதான் மிகக் கொடியது.

இந்தக் கதை தொடங்கும் ‘கிரீன் லேண்டர்ன்’ 48-ஆம் இதழை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வெறும் பள்ளமாகிப்போன நிலத்தில் நின்றுகொண்டு, மோதிரத்தின் ஒளியால் அவன் முழு நகரத்தையும் எழுப்புகிறான்; பெற்றோரை வரவழைத்துப் பேசுகிறான். நினைத்ததை உருவாக்கித் தருவது அந்த மோதிரத்தின் தொழில். நினைப்பதில் உறுதியாக இருப்பது அவனுடைய தொழில். ஆகவே, துயரம் முற்றியபோது அவன் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. எப்போதும் செய்துவந்ததையே, செய்யக்கூடாத இடத்தில் செய்கிறான். மோதிரத்தின் சக்தி தீர்ந்து நகரம் கலையும் நேரத்தில் அந்தப் படையை நடத்தும் காவலர்களின் தூது உருவம் தோன்றி, சொந்தக் காரியத்துக்கு மோதிரத்தைப் பயன்படுத்தியது குற்றம் என்று கண்டித்து, அவர்களின் இருப்பிடமான ஓவா கிரகத்துக்கு வரும்படி உத்தரவிடுகிறது. ஊரையே பறிகொடுத்தவனிடம் விதிமுறை பேசுகிறவர்கள் மீது அவனுக்குச் சினம் மூளாமல் இருந்திருந்தால்தான் நான் நம்பியிருக்க மாட்டேன். ஒரு மனிதனின் பலமே அவனைக் கவிழ்ப்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சூப்பர் ஹீரோ இதழ்கள் மிகச் சில.

சறுக்கல் அதற்குப் பின்னர்தான். 49-ஆம் இதழில் வழிமறிக்கும் வீரர்களை ஒவ்வொருவராக வீழ்த்தி மோதிரங்களைப் பறிக்கிறான். 50-இல் பழைய எதிரி சினெஸ்ட்ரோவின் கழுத்தை முறிக்கிறான், நண்பன் கிலோவாக்கைக் கொல்கிறான். முந்தைய எழுத்தாளர் திட்டமிட்டிருந்த கதை கைவிடப்பட்டு, புதிய நாயகனுக்கு இடம் ஒழித்துத்தர வேண்டிய கட்டாயத்தில் எழுதப்பட்ட மூன்றே இதழ்கள் இவை. துயரத்திலிருந்து சினத்துக்கு வருவதற்கு ஓர் இதழையே ஒதுக்கியவர்கள், சினத்திலிருந்து கொலைக்குச் செல்வதற்குச் சில பக்கங்களைத்தான் ஒதுக்கினார்கள். முதல் மோதிரத்தைப் பறித்தபோது அவன் தனக்கே என்ன சமாதானம் சொல்லிக்கொண்டான், அந்தச் சமாதானம் எந்த இடத்தில் தேவையற்றுப்போனது என்பதை நாம் உடனிருந்து பார்த்திருக்க வேண்டும். 1959 முதல் வாசகர்கள் பழகிய ஒருவனுக்கு அது நியாயமாகச் சேர வேண்டிய பங்கு.

இதைச் சரியாகச் செய்த கதை ஏற்கெனவே இருந்தது. 1986-இல் வந்த ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ கதையில் குற்றக் கும்பல் தலைவன் கிங்பின், டேர்டெவிலாக இயங்கும் வழக்கறிஞர் மேட் மர்டாக்கின் வங்கிக் கணக்கு, வழக்கறிஞர் உரிமம், வீடு என ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். இதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று மர்டாக் கண்டுகொள்வது சரியான முடிவு. அந்தச் சரியான முடிவே அளவு மீறி வளர்ந்து, உயிர் நண்பன் ஃபாகியையும் சதிகாரனாகப் பார்க்கவைக்கிறது. தெளிவு எந்த இடத்தில் பிறழ்வானது என்று கோடு கிழிக்க முடியாதபடி, நாமும் அவனோடு சேர்ந்தே சரிகிறோம்.

இனி பாராலாக்ஸ். 2004-இல் தொடங்கிய ‘ரீபர்த்’ தொடர், ஹாலின் செயல்களுக்கெல்லாம் அவனுக்குள் புகுந்திருந்த அச்சத்தின் உருவமான ஓர் ஒட்டுண்ணியே காரணம் என்றது. நாயகனை மீட்டுத் தர விரும்பிய அந்த எழுத்தாளரின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், விடுபட்டுப்போன அந்தப் பக்கங்களை எழுதுவதற்குப் பதிலாக, அவற்றுக்கான தேவையையே அந்த விளக்கம் நீக்கிவிட்டது. மேலும், 1996-இல் ‘ஃபைனல் நைட்’ கதையில், அணைந்துகொண்டிருந்த சூரியனை மீண்டும் எரியவைக்க ஹால் தன் உயிரைக் கொடுக்கிறான். தன் கைகளால் நேர்ந்த கொலைகளை அறிந்த ஒருவனுடைய முடிவு அது என்பதால்தான் அதற்கு அத்தனை கனம் இருந்தது. கொலைகளை ஒட்டுண்ணியின் கணக்கில் எழுதிவிட்டால், அந்த உயிர்த்தியாகத்தில் ஹால் தீர்க்க வேண்டிய கடன் என்று எது மிஞ்சும்?