கன்ட்ரோல் லைன் (கையில் பிடித்த கம்பிகளால் இயக்கி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம்) போட்டிக்கு முதல் கிட் (நாமே பூட்டும் பாகங்களின் பெட்டி) எதை வாங்கலாம்? லூப் (செங்குத்தான வட்டம்) வரை பறக்கத் தெரியும்.

எந்தப் போட்டி என்பதுதான் முதல் கேள்வி. வேகம், டீம் ரேஸ், காம்பாட் (விமானச் சண்டை) ஒவ்வொன்றுக்கும் விமானமே வேறு. லூப் போடுகிறீர்கள் என்றால் சாகசப் பறப்புப் பிரிவான எஃப்2பி பக்கம் வாருங்கள்.

அதற்கு இறக்கையில் ஃபிளாப் (பின்விளிம்பில் ஏறி இறங்கும் பலகை) உள்ள கிட்டாகப் பாருங்கள். வாலில் உள்ள அசையும் பலகையான எலிவேட்டர் மேலே போகும்போது ஃபிளாப் கீழே இறங்கும். சதுர லூப்பின் மூலையில் விமானம் தொய்யாமல் திரும்புவது அதனால்தான். ரிங்மாஸ்டர் என்ற கிட்டுக்கு ஃபிளாப் கிடையாது. பழகுவதற்கு அருமை, அவ்வளவுதான். ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த நோப்ளருக்கு ஃபிளாப் உண்டு. பழசுதான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே.

பெட்டியைத் திறந்ததும் பால்சா (எடை குறைந்த மரம்) பலகைகளைத் தராசில் வைத்துப் பாருங்கள். வால் பக்கத்துக்கு வந்தது கனமாக இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதை ஈடுகட்ட மூக்கில் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். பெயின்ட்டும் எடைதான், பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் பூசித் தள்ளாதீர்கள்.