வழி கேளுங்கள்: விமானம் இறங்கி, குமரியில் விடுதிக் கதவைத் தட்டும் வரை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. பக்கத்து விமான நிலையமான திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து நாகர்கோவில் 70 கிலோமீட்டர், கன்னியாகுமரி 90 கிலோமீட்டர் அளவில் இருக்கும். டாக்ஸி இல்லாமல் பஸ், ரயிலிலேயே வந்து சேர்வது எப்படி என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

சென்னையிலிருந்து காலை விமானத்தில் திருவனந்தபுரம் வருகிறோம். மனைவி, அம்மா, இரண்டு பெட்டிகள். கன்னியாகுமரியில் விடுதி. பொதுப் போக்குவரத்தில் எப்படிப் போவது?
(வாசகர், சென்னை)

உங்கள் பயணம் மூன்று துண்டு: விமான நிலையத்திலிருந்து திருவனந்தபுரத்தின் ரயில், பேருந்து நிலையங்கள் இருக்கும் தம்பானூர், தம்பானூரிலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து கன்னியாகுமரி. நடுத்துண்டுதான் நீளம், ஆனால் அதில் வழி தவற வாய்ப்பே இல்லை. குழப்பமெல்லாம் முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும்தான்.

திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்கள். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் டி1, சாக்கை பக்கம் டி2. நடுவில் ஓடுபாதை கிடப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊருக்குள் சுற்றித்தான் வரவேண்டும். டிக்கெட்டில் எந்த முனையம் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். உள்நாட்டு விமானம்தானே, டி1 ஆகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அழைத்துப் போக வருகிறவர் இருந்தால் அவருக்கும் முனையத்தைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு முனையங்களையும் தம்பானூரோடு இணைக்கும் மின்சாரப் பேருந்துச் சேவையைக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022-இல் தொடங்கியது. வெளியே வந்ததும் அதைக் கேளுங்கள். ஏறுமுன் "தம்பானூர் போகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பது அவசியம். வட்டமாகச் சுற்றும் வண்டி என்றால் எதிர்த்திசையில் ஏறினாலும் போய்ச் சேர்வீர்கள், நேரம்தான் போகும். டி1 பக்கம் வரும் நகரப் பேருந்துகளில் பல 'கிழக்கே கோட்டை' (ஈஸ்ட் ஃபோர்ட்) என்ற இடத்துக்குப் போகிறவை. அங்கிருந்து தம்பானூர் ஒரு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டாம். மூன்று பேர் என்பதால் விமான நிலையத்திலேயே ப்ரீபெய்டு கவுண்டரில் ஆட்டோவோ டாக்ஸியோ தம்பானூர் வரைக்கும் மட்டும் எடுப்பதுதான் எங்கள் யோசனை. தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். காசை மிச்சம் பிடிக்க வேண்டியது அடுத்து வரும் நீண்ட பாதையில்.

தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவிலுக்குக் கேரள பஸ், தமிழ்நாட்டு பஸ் இரண்டும் அடிக்கடி உண்டு. நேரே கன்னியாகுமரி என்று போர்டு போட்டதும் வரும், ஆனால் குறைவு. அதற்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதைவிட, வரும் நாகர்கோவில் வண்டியில் ஏறி அந்த ஊரின் வடசேரி பேருந்து நிலையத்தில் மாறுவது மேல். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும்.

வடசேரியிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இந்தத் துண்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் காசில்லை. 2021-இல் வந்த அந்தச் சலுகை எக்ஸ்பிரஸ் வண்டிக்கும் மாநிலம் தாண்டும் வண்டிக்கும் பொருந்தாது. இரவு பத்து மணிக்கு மேல் இந்தப் பாதையில் வண்டி குறைந்துவிடும்.

பஸ்ஸா, ரயிலா? நாகர்கோவில் டவுன், நாகர்கோவில் ஜங்ஷன் என்று இரண்டு வருகிறதே, எங்கே இறங்குவது?
(வாசகர், திருச்சி)

முதலில் விடுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், வண்டியை அப்புறம் முடிவு செய்யலாம். ஜங்ஷன் இருப்பது கோட்டாறு பக்கம். வெளியூர் பஸ்கள் நிற்கும் வடசேரி அங்கிருந்து நாலு கிலோமீட்டர் அளவில் ஊரின் மறுகோடி. வடசேரியைச் சுற்றி விடுதி என்றால் டவுன் நிலையம்தான் கிட்ட. மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பேருந்து நிலையம் உள்ளூர் வண்டிகளுக்கானது. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று விடுதிக்காரர் சொன்னால் வடசேரியா, அண்ணாவா என்று திருப்பிக் கேளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது டவுன் முதலில் வரும், ஜங்ஷன் அடுத்தது. திருநெல்வேலிக்குப் போகும் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுனிலேயே நின்று கிளம்பிவிடும். ஜங்ஷன் வரும் என்று உட்கார்ந்திருந்தால் அடுத்து வள்ளியூரோ திருநெல்வேலியோதான். டிக்கெட் எடுக்கும்போது குறியீட்டைப் பாருங்கள்: என்.ஜே.டி. என்றால் டவுன், என்.சி.ஜே. என்றால் ஜங்ஷன், கன்னியாகுமரிக்கு 'கேப்'. திருவனந்தபுரத்தில் ஏற வேண்டியது சென்ட்ரல், அதாவது டி.வி.சி. பழைய கொச்சுவேளி இப்போது திருவனந்தபுரம் நார்த், நேமம் இப்போது திருவனந்தபுரம் சவுத். பெயரை மட்டும் பார்த்து வண்டி பிடித்தால் ஊரின் வேறு மூலையில் நிற்பீர்கள்.

இந்தப் பாதை 1979-இல் திறந்தது. நாகர்கோவில் 71 கிலோமீட்டர், கன்னியாகுமரி 87. காகிதக் கணக்கில் பஸ்ஸைவிட ரயில் வேகம், கட்டணமும் குறைவு. ஆனால் ஒற்றைத் தண்டவாளம் உள்ள இடங்களில் எதிர்வண்டிக்காக நிறுத்திப்போட்டால் அந்த லாபம் போய்விடும். எங்கள் கணக்கு இது: தம்பானூர் வந்து சேரும்போது 45 நிமிடத்துக்குள் ரயில் இருந்தால் ரயில், இல்லையென்றால் எதிரே போய் பஸ். ஜங்ஷனில் இறங்கி கன்னியாகுமரி போகிறவர் வடசேரிக்குத் திரும்பிப்போக வேண்டாம். கன்னியாகுமரி பஸ் கோட்டாறு வழியாகத்தான் வரும், அங்கேயே ஏறலாம். உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

முன்பதிவு இல்லாத டிக்கெட்டை ரயில்வே செயலியில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. எடுத்த 3 மணி நேரத்துக்குள் வண்டி ஏறிவிட வேண்டும். சென்னையில் விமானம் ஏறும் முன்பே எடுத்து வைத்தால் தம்பானூர் சேர்வதற்குள் செல்லாததாகிவிடும். நிலையத்துக்குள் தண்டவாளத்தை ஒட்டி நின்று எடுக்கவும் செயலி விடாது, அங்கே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து எடுக்கலாம். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்கு இரண்டாம் வகுப்பில் 15 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு, அந்த வகையைத் தேர்ந்தே டிக்கெட் எடுங்கள். அவசரத்தில் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி மாட்டிக்கொண்டால் கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் கட்ட நேரும்.

ஷார்ஜாவிலிருந்து விடியற்காலை 3 மணிக்கு இறங்குகிறேன். மார்த்தாண்டத்தில் விடுதி. அந்த நேரத்தில் பஸ் இருக்குமா?
(வாசகர், ஷார்ஜா)

மூன்று மணிக்கு விமானம் தரையைத் தொட்டால், குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர நாலு, நாலேகால் ஆகும். ப்ரீபெய்டு டாக்ஸியில் தம்பானூர் போனால் நாலரை. அதற்குப் பிறகு விடியல் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கிவிடும். வெளியே வந்த பிறகு மறுபடி முனையத்துக்குள் விடமாட்டார்கள். கழிப்பறை, பணம் மாற்றுவது, சிம் எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துவிடுங்கள்.

நேரே நாகர்கோவில் வண்டி இல்லையென்றால் களியக்காவிளை வண்டியில் ஏறுங்கள். அதுதான் எல்லை. அங்கிருந்து மார்த்தாண்டத்துக்குத் தமிழ்நாட்டு வண்டி கிடைக்கும். நாகர்கோவில் வண்டியிலேயே வருவதானால், மேம்பாலம் வழியா, கீழே மார்த்தாண்டம் சந்திப்பு வழியா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். பாலத்தில் ஏறும் வண்டி ஊருக்கு வெளியே இறக்கிவிடும். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு சூட்கேஸ் என்று சாமான் நிறைய இருந்தால் பஸ் சரிப்படாது, சாமானுக்குத் தனி இடம் இல்லை. அந்த நிலையில் டாக்ஸியே எடுங்கள். அது பைபாஸில் கோவளம், விழிஞ்ஞம் பக்கமாக எல்லை அருகே வரை வந்துவிடும், நெய்யாற்றின்கரை நெரிசலில் சிக்காது.

"கோவளம் சாலை, கன்னியாகுமரி" என்ற முகவரியில் அறை போட்டோம். செல்போன் வரைபடம் கேரளத்துக் கோவளத்தைக் காட்டுகிறதே?
(வாசகர், பெங்களூரு)

இரண்டு ஊருக்கும் ஒரே பெயர். திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரை ஒரு கோவளம். கன்னியாகுமரிக்கு மேற்கே உள்ள மீனவர் ஊர் இன்னொன்று. கன்னியாகுமரி பேருந்து நிலையம் இருப்பதே இந்தக் கோவளம் சாலையில்தான். வரைபடத்தில் 629702 என்ற அஞ்சல் எண்ணைச் சேர்த்துத் தேடுங்கள், சரியாக வரும்.

அஞ்சல் எண் இன்னொன்றுக்கும் உதவும். 'கன்னியாகுமரி விடுதி' என்று விளம்பரம் செய்பவற்றில் சில கொட்டாரத்திலோ சுசீந்திரத்திலோ இருக்கும். 629703, 629704 என்று பார்த்தால் கடற்கரைக்கு நடந்து போகும் தூரமல்ல என்று புரிந்துகொள்ளலாம். விவேகானந்தபுரம் பக்கம் விடுதி என்றால் பேருந்து நிலையம் வரை போகாமல் முன்னாலேயே இறங்க வேண்டும், ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள்.

தூத்துக்குடி விமான நிலையம் வழியாக வரலாமா?
(வாசகர், கோவை)

வரலாம். வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். தூத்துக்குடி – திருநெல்வேலி சாலையிலேயே இருப்பதால் சாலைக்கு வந்து திருநெல்வேலி பஸ்ஸைக் கை காட்டலாம். இடைநில்லா வண்டி நிற்காது, அதற்காக மனம் தளர வேண்டாம், அடுத்தது வரும். திருநெல்வேலியில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய் நாகர்கோவில் 'எண்ட் டு எண்ட்' (இடையில் நிற்காத) வண்டி பிடியுங்கள். அது 80 கிலோமீட்டர் அளவு. நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துக்குத் திருவனந்தபுரம்தான். மதுரையில் இறங்கினால் கன்னியாகுமரி 240 கிலோமீட்டர், விமானத்தில் மிச்சமான நேரத்தை பஸ் விழுங்கிவிடும்.

திரும்பும்போது நாகர்கோவிலில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?
(வாசகர், நாகர்கோவில்)

விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காலை 10 மணி உள்நாட்டு விமானம் என்றால் கவுண்டர் 9 மணிக்கு மூடும். 8 மணிக்கு முனையத்தில் இருக்க வேண்டும். தம்பானூரில் 7.15. பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம், கூட ஒரு கால் மணி நேரம் வைத்தால் வடசேரியில் 4.30 வண்டி. வெளிநாட்டு விமானமானால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக. காலை எட்டிலிருந்து பத்துக்குள், வழியில் வரும் பாலராமபுரத்தைக் கடக்கும்படி ஒருபோதும் திட்டமிடாதீர்கள். பள்ளி, அலுவலக நேரத்தில் அந்தச் சந்திப்பு உங்கள் கால் மணி நேரத்தைச் சாதாரணமாகத் தின்றுவிடும்.

நாள்காட்டியில் மூன்று நாட்களைக் குறித்து வையுங்கள். மாசியில் ஆற்றுகால் பொங்கலன்று கோட்டை, தம்பானூர்ச் சாலைகளில் அடுப்பு வைத்திருப்பார்கள், பஸ்கள் வழி மாறும். அன்று பயணம் இருந்தால் முந்தைய இரவே போய்விடுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த இரண்டு நாட்களும் மாலை 4 மணி சுமாருக்கு ஓடுபாதையை மூடி, இரவு 9 மணி சுமாருக்குத்தான் திறப்பார்கள். விமான நேரங்களை முன்கூட்டியே மாற்றிக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். டிக்கெட்டை முகவர் எடுத்துத் தந்திருந்தால் அதில் உங்கள் செல்போன் எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தச் செய்தி முகவருக்குத்தான் போகும்.