கணவாய் மீனைக் காட்டி கிரேக்கம் சொல்லிக்கொடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். எட்டு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகள். ஆர்த்ரோபோடா, செஃபலோபோடா போன்ற விலங்கு வகைப் பெயரெல்லாம் ஒரே நாளில் மறந்துபோகிறது. கிரேக்க, லத்தீன் வேர்ச்சொல் பட்டியல் கொடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டியலை ஓரமாக வையுங்கள். அதிலுள்ள பொருள் பாதி உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே தெரியும். கணுக்காலி என்ற கலைச்சொல், ஆர்த்ரோபோடாவின் இரு துண்டுகளையும் அப்படியே தமிழாக்கியது: ஆர்த்ரோ என்றால் மூட்டு, போட் என்றால் கால்.

காசிமேட்டில் தலை ஆயாத இறால் நாலைந்தும் ஒரு கணவாயும் வாங்கி ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். தலை போனால் நடக்கும் கால்களும் போய்விடும். இறாலின் காலை மடக்கிக் கணுவைக் காட்டுங்கள். ஐந்து ஜோடிக் கால்களை எண்ணச் சொல்லுங்கள். டெக்கா என்றால் பத்து, ஆகவே டெக்காபோடா. வயிற்றடியில் உள்ள நீந்தும் கால்களையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள், கவனம். கணவாய்க்குக் கைகள் தலையிலிருந்தே கிளம்புகின்றன. செஃபலோ தலை, எனவே தலைக்காலி. அடுத்து நத்தை. வயிற்றுக்காலி என்று சொல்லி, காஸ்ட்ரோ என்றால் வயிறு என்பதை மட்டும் கொடுங்கள். காஸ்ட்ரோபோடாவை அவர்களே கட்டட்டும். தாமே கட்டிய சொல்தான் மனதில் நிற்கும்.

ஒரு வாரத்துக்கு ஐந்து சொல்துண்டு போதும்.

எழுத்துப்பிழை பெரும்பாலும் துண்டுகள் சேரும் இடத்தில்தான் வரும். காஸ்ட்ரோவோடு, அழற்சியைக் குறிக்கும் ஐடிஸ் சேர்ந்தால் காஸ்ட்ரைடிஸ். இடையிலிருந்த ஓ விழுந்துவிடுகிறது. காசு + இல்லை = காசில்லை என்பதில் உகரம் விழுவதுபோலத்தான். புணர்ச்சி படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். அடுத்து மெய்யெழுத்து வந்தால் ஓ தங்கும்: காஸ்ட்ரோபோடா.

பீட் என்ற ஒரே உருவத்தில் இரு வேர்களும் உண்டு. பீடியாட்ரிக்ஸில், அதாவது குழந்தை மருத்துவத்தில், இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சென்டிபீடில் இருப்பது காலைக் குறிக்கும் லத்தீன். இவற்றை ஒரே நாளில் நடத்தாதீர்கள்.

சொல்லைப் பிரித்ததும் பாடம் முடிந்தது என்றும் விட்டுவிடக் கூடாது. சென்டிபீட், அதாவது பூரான், பெயரளவில் நூறு கால். வளர்ந்த பூரானுக்குக் கால் ஜோடிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும். சரியாக நூறு வரவே வராது. ஆக்சிஜனுக்கு அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று நம்பி பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. ஆகவே பிரித்துச் சொல்லும் பிள்ளையிடம் வரையறையையும் தனியாகக் கேளுங்கள்.