பழைய ஆர்.பி.ஜி.தான் உசத்தியா?

கேள்வி: பழைய ரோல் பிளேயிங் கேம்களில் (ஆர்.பி.ஜி., அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்கள்) இருந்த சுதந்திரம் புதியவற்றில் இல்லை என்று என் அண்ணன் புலம்புகிறான். உண்மையா, வயசானவர் ஏக்கமா?

பதில்: பாதி ஏக்கம்தான். ஆனால் மீதியில் விஷயம் இருக்கிறது. 2002-இல் வந்த மாரோவிண்ட் என்ற கேமில் இன்ன பாதையில் போய் இன்ன பாறையருகே திரும்பு என்று யாராவது வழி சொல்வார், அது நாட்குறிப்பில் ஏறும், அப்புறம் நீங்களே தேடி அலைய வேண்டியதுதான், அம்புக்குறி எதுவும் கிடையாது. கதைக்கு முக்கியமான ஆளைக்கூடக் கொன்றுவிடலாம். கதையின் இழை அறுந்தது, முன்பு சேமித்து வைத்த ஆட்டத்துக்குத் திரும்பிப் போ என்று ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். அதே தொடரின் ஸ்கைரிமில் (2011) அப்படிப்பட்ட பலர் அடிவாங்கி மண்டியிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார்கள். எனக்கு அது எரிச்சல்.

சரி, அதற்காக அண்ணன் சொல்வதெல்லாம் வேதமில்லை. மாரோவிண்டில் வாள் எதிரி மேல் படுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே ஓடும் பகடைக் கணக்கு படவில்லை என்று சொல்லிவிடும். ஆரம்பத்தில் ஒரு நண்டை அடிப்பதே பெரும்பாடு (கிண்டல் இல்லை). 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இலும் பகடைதான், ஆனால் அடி படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று முன்பே காட்டிவிடுகிறது, முக்கியமான ஆட்களைக் கொன்றாலும் பெரும்பாலும் கதை வேறு வழி பிடித்து நகர்கிறது. அண்ணனை முதலில் அதை விளையாடச் சொல்லுங்கள்.