இருசக்கர வண்டி கேள்வி பதில்: கைப்பேசிக்கு வண்டியிலிருந்து மின்சாரம்

கேள்வி: தேங்காய் வியாபாரம் செய்கிறேன். தோப்புத் தோப்பாகச் சென்று எண்ணிக்கை எடுப்பதும், வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய்த் திரும்புவதுமாகப் பாதிப் பொழுது 125 சிசி வண்டியிலேயே கழிகிறது. மேப், அழைப்பு, பணம் அனுப்புவது என்று எல்லாம் கைப்பேசியில் நடப்பதால் மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. ஹேண்டில்பாரில் யுஎஸ்பி சார்ஜர் பொருத்தலாம் என்றால், ஒரு மெக்கானிக் பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஹெட்லைட் வயரில் சேர்த்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் பேட்டரியே போய்விடும், வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மூன்றாமவரின் அச்சத்திலிருந்து தொடங்குவோம். சாதாரண யுஎஸ்பி சார்ஜர் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் தருகிறது. இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 1 ஆம்பியர் எடுக்கும். 35 வாட் ஹெட்லைட் பல்பு இதைப்போல் மூன்று மடங்கு எடுக்கிறது. எஞ்சின் ஓடும்போது இந்த மின்சாரத்தை, எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலே, அதைப் பேட்டரிக்கேற்ற டிசியாக (நேர்மின்சாரமாக) மாற்றும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் வழியாகத் தந்துவிடுவதால் பேட்டரிக்குச் சுமை இல்லை. எஞ்சின் நின்ற பிறகு கணக்கு மாறிவிடும். உங்கள் வண்டியில் 4 ஆம்பியர்-அவர் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள்; தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தி, பேரம் முடியும்வரை ஒரு மணி நேரம் கைப்பேசியைச் சார்ஜில் விட்டால் கால் பங்கு பேட்டரி காலி. கைப்பேசி இல்லாமல் சார்ஜர் மட்டும் இணைப்பில் இருந்தாலும், அதற்குள் எரியும் சிறு விளக்கும் சர்க்யூட்டும் 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு 0.24 ஆம்பியர்-அவர் போகும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். எனவே சாவியை அணைத்தால் சார்ஜரும் அணைய வேண்டும். முதல் மெக்கானிக் சொன்னதில் இந்த ஒன்று விடுபட்டிருக்கிறது.

ஹெட்லைட் யோசனையை விட்டுவிடுங்கள். பழைய மாடல் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டிலிருந்து நேராக ஏசி (மாறுதிசை) மின்சாரம் போகும். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக வோல்டேஜும் ஏறி இறங்கும் அந்த லைனில் டிசிக்கென்று செய்த சார்ஜரைக் கோத்தால் அது நிலைக்காது. டிசியில் ஓடும் புதிய வண்டியானாலும் நான் சம்மதிக்க மாட்டேன். சார்ஜரில் நேரும் ஒரு ஷார்ட், இரவில் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடலாம்.

சரியான வழி இது: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ், அதை அடுத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு வயரால் இயங்கும் சிறு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), அதிலிருந்து சார்ஜர். எர்த்தை நேராகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோய்விடுங்கள். ஹாரனின் பிளஸ் வயர் பல வண்டிகளில் சாவியோடு உயிர்பெறும்; ரிலேயை இயக்க அது போதும், ஆனால் டெஸ்ட் லேம்ப் வைத்துச் சாவியைத் திருகிப் பார்த்து உறுதி செய்த பிறகே தொடுங்கள். வயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும்.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டிக்கு நானே லைன் இழுத்தபோது, கைக்கு எட்டும் இடம் என்று ஃபியூஸை ஹேண்டில்பார் பக்கம், சார்ஜருக்கு அருகில் வைத்தேன். ஒரு மாலை வேலந்தாவளம் தாண்டியதும் டேங்க் அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில், சேஸிஸ் விளிம்பில் மாதக்கணக்கில் உரசிய வயர் தோலுரிந்து, செம்பு இரும்பைத் தொட்டிருந்தது. ஃபியூஸ் அந்த இடத்துக்கு அப்பால் இருந்ததால் அது எரியவே இல்லை. பேட்டரியிலிருந்து கழுத்துவரை வயரின் மேலுறை வெல்லப்பாகு போல இளகி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பாதி நிரம்பிய பெட்ரோல் டேங்க். சீட்டைக் கழற்றி பேட்டரி முனையைப் பிரிப்பதற்குள் ஸ்பேனர் பிடித்த விரல்கள் நடுங்கிவிட்டன. ஃபியூஸ் காப்பது வயரைத்தான், கைப்பேசியை அல்ல; ஆகவே வயர் தொடங்கும் இடத்திலேயே அது இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் பூட்டும் அளவுக்குத் திருப்பி, வயர் இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று பாருங்கள்.

சார்ஜர் பொருத்துமுன் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்டினால் நலம். 15-ஐத் தாண்டினால் முதலில் ஆர்.ஆர். யூனிட்டைக் கவனியுங்கள். 18 வாட் வேக சார்ஜருக்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. நம் பாலக்காட்டு வெயிலில் கைப்பேசி ஏற்கெனவே கொதிக்கிறது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியம் பேட்டரிக்குக் கேடு என்பதால் பல கைப்பேசிகள் தாமே சார்ஜை நிறுத்திவிடும். மேப் ஓடும்போது சார்ஜ் இறங்காமல் நிலைத்தால் போதாதா?

இன்னொன்று: எஞ்சின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தணிக்கும் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. எனவே அதிர்வு தாங்கும் ஹோல்டர் வாங்குங்கள். வண்டி ஓட்டுகையில் கைப்பேசியை வழி பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது 2020 அக்டோபர் முதல் மத்திய விதி. கேரளச் சாலைகளில் 2023 ஜூனிலிருந்து கேமராவும் அபராதம் போடுகிறது.

கேள்வி: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கல்லூரி சென்று வரும்போது, சார்ஜர் முனையில் ஈரம் இருப்பதாகக் கைப்பேசி எச்சரித்துச் சார்ஜ் ஏற மறுக்கிறது. அரிசியில் புதைத்து வைக்கலாமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: வேண்டாம், அரிசித் தூள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். முனை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் வையுங்கள். எச்சரிக்கையை மீறி ஏற்றினால், ஈரத்தின் வழியே பாயும் மின்சாரம் உள்ளிருக்கும் மெல்லிய பின்களை அரித்துவிடும். கைப்பேசி நீர் புகாதது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மழையில் கேபிள் செருகலாம் என்று அதற்குப் பொருளில்லை. மழை நாளில் கேபிளைக் கழற்றிவிட்டு, வண்டியிலுள்ள சார்ஜரின் ரப்பர் மூடியை அழுத்தி மூடிவிடுங்கள்.

கேள்வி: வயரிங் வம்பே வேண்டாம் என்று ஸ்கூட்டர் டிக்கியில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வைத்திருக்கிறேன். போதுமா?
– வாசகி, சித்தூர்

பதில்: தாராளமாகப் போதும், இடம்தான் சரியில்லை. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வரும்போது கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6,000. அதில் 5,000 எம்ஏஎச் கைப்பேசி ஒரு முறை நிறையும். சீட்டுக்கடியில் எஞ்சின் சூடும் வெயிலும் சேர்வதால் அங்கே விட்டுவைக்காதீர்கள். தோள்பையில் வைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை பார்த்து வாங்குங்கள். மேசையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடுகிறதென்றால் உள்ளே செல் உப்பியிருக்கிறது. அதன் பிறகு அதைச் சார்ஜில் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.